வயிற்றுக் கொழுப்பும் கருப்பைப் புற்றுநோயும்

திருவனந்தபுரம் நகரில் தம்பானூர் என்று வழங்கும் பகுதியில் இரயில் நிலையமும் பஸ் நிலையமும் சாலையின் இருபுறமும் ஒன்றையொன்று நோக்கியபடி இருக்கின்றன. 1931-ஆம் ஆண்டில் இரயில் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி முதலிய ஊர்களிலிருந்து கேரளத் தலைநகருக்கு வரும் தமிழ் மக்களுக்கு அதுவே தலைவாசல். வணிகத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் வருவோர் பலர். வேறொரு காரணத்துக்காக வருவோரும் உண்டு. கையில் துணிப்பையும், பைக்குள் மருத்துவச் சீட்டுகளும் படங்களும் அடங்கிய பெரிய உறையுமாக இறங்கி, "ஆர்.சி.சி.க்கு எந்த பஸ்?" என்று வினவுகிறவர்கள் அவர்கள். அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில், மருத்துவக் கல்லூரி வளாகத்தில், கேரள அரசும் இந்திய அரசும் சேர்ந்து 1981-ஆம் ஆண்டில் நிறுவிய மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநராக இருந்து அதனை வளர்த்தவர். தமிழ்நாட்டின் தென்மாவட்ட மக்களுக்குச் சென்னை அடையாற்று மருத்துவமனையைக் காட்டிலும் இது அண்மையில் இருப்பதால், எல்லை கடந்து இங்கே வருவது நெடுநாளைய வழக்கமாகிவிட்டது.

மலையாளத்தில் புற்றுநோய்க்கு அர்புதம் என்று பெயர். வடமொழியிலிருந்து வந்த சொல் அது. முதன்முறையாகக் கேட்கும் தமிழர் காதில் அது வேறொன்றாக ஒலித்து, இவ்வளவு கொடிய நோய்க்கு இப்படியும் ஒரு பெயரா என்ற மருட்கையைத் தரும். அதே மொழியில் உடல் பருத்தவரைக் குறித்து 'வண்ணம் வச்சு' என்பர். நமக்கு வண்ணம் என்றால் நிறம். அவர்களுக்கு அது பருமன். நம்மவர்களும் இளைத்த பெண் சற்றுப் பருத்தால் 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்று மகிழ்ந்து சொல்வதுண்டு. பருமனைச் செழிப்பின் அடையாளமாகக் கண்ட காலத்துப் பேச்சு அது. இந்த 'வண்ண'த்துக்கும் அந்த 'அர்புத'த்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியே, குறிப்பாகக் கருப்பையின் உள்ளே தோன்றும் புற்றுநோயைப் பற்றியே, இங்கே நாம் சில செய்திகளைக் கூற முற்படுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். கருப்பைப் புற்று என்று பொதுவாகச் சொல்லப்படுவது இரு வேறு நோய்களைக் குறிக்கும். ஒன்று கருப்பையின் வாயில் தோன்றுவது. பாப்பிலோமா என்னும் வைரசின் தொற்றினால் உண்டாகும் அந்நோயைத் தடுக்க இன்று தடுப்பூசி இருக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடிக்கச் சோதனையும் இருக்கிறது. மற்றொன்று கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வில் தோன்றுவது. மாதந்தோறும் வளர்ந்து, கருத்தரிக்காதபோது உதிர்ந்து வெளியேறும் சவ்வு அதுவே. இந்த இரண்டாம் நோய்க்கு வைரசும் காரணமன்று, தடுப்பூசியும் இல்லை. கருப்பை வாயிலிருந்து எடுத்துப் பார்க்கும் பாப் சோதனை நலமாக வந்துவிட்டது என்பதற்காக உள்சவ்வும் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது. இப்பிழையைப் படித்த குடும்பங்களிலும் காண்கிறோம். சென்னை முதலான தென்னக நகரங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளைப் பார்த்தால், கருப்பை வாய்ப் புற்று ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதும், உள்சவ்வுப் புற்று மெல்ல மெல்லக் கூடி வருவதும் தெரிகின்றன. வறுமையோடு வரும் நோய் தணிந்து, வசதியோடு வரும் நோய் தலையெடுக்கிறது.

வசதிக்கும் கருப்பைக்கும் என்ன உறவு? அதை அறிய ஹார்மோன்களின் செயலைச் சற்றே நோக்க வேண்டும். பெண்ணின் சூலகம் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என இரண்டு சுரப்புகளைத் தருகிறது. முன்னது உள்சவ்வை வளர்க்கும். பின்னது அவ்வளர்ச்சிக்குக் கடிவாளம் இடும். வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவன் ஒருவன், மடையை அடைக்கிறவன் மற்றொருவன் என்று வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு சூலகம் இவ்விரண்டையும் ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் முழுவதும் மறைந்து போவதில்லை. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் வேறொரு பொருளை, உடம்பில் படிந்திருக்கும் கொழுப்பு, அரோமட்டேஸ் என்னும் நொதியின் உதவியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. கொழுப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மிகுதி இந்த உற்பத்தியும். புரோஜெஸ்டரோனை உண்டாக்கக் கொழுப்பினால் இயலாது. நீர் பாய்கிறது, மடையடைக்க ஆள் இல்லை. இந்நிலை பல ஆண்டுகள் நீடித்தால் சவ்வு தடித்து, அணுக்கள் ஒழுங்கு தவறி, சிலரிடத்தில் புற்றாக முடிகிறது.

இது வெறும் ஊகமன்று. மாதவிடாய் நின்ற மாதர் பலருக்கு அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியே கொடுத்து வந்த காலம் ஒன்று இருந்தது. இளமை நீடிக்கும் என்று நம்பினார்கள். அம்மாத்திரையை உட்கொண்டவர்களிடம் உள்சவ்வுப் புற்று பன்மடங்கு காணப்படுவதை 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டின. அதன் பிறகே கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் தந்தால் புரோஜெஸ்டரோன் வகை மருந்தையும் உடன் தரவேண்டும் என்ற விதி நிலைபெற்றது. மாத்திரை வெளியிலிருந்து செய்ததைப் பருமன் உள்ளிருந்து செய்கிறது என்று கொண்டால் விஷயம் விளங்கும். உடல் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு உடல் எடைக் குறியீடு என்று பெயர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-ஆம் ஆண்டில் பார்த்தபோது, அக்குறியீடு ஒவ்வொரு 5 எண் கூடும்போதும் இந்நோயின் வாய்ப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகிறது என்று தெரிந்தது. பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் பல. அவற்றுள் இவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை வெகு சிலவே. நோய் வருவது மட்டுமா? அமெரிக்காவில் ஒன்பது லட்சம் மக்களைப் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிக அதிகப் பருமன் உடைய பெண்கள் கருப்பைப் புற்றினால் இறப்பது, அளவான எடையுடையவர்களைவிட ஆறு மடங்குக்கு மேல் இருந்தது.

இதுவரை கூறியது கொழுப்பின் அளவைப் பற்றி. அது உடம்பில் எங்கே தங்குகிறது என்பதும் பொருட்படுத்தத் தக்கதே. பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் என்பவர் 1947-ஆம் ஆண்டிலேயே இதைக் கவனித்தார். இடுப்பிலும் தொடையிலும் பருக்கும் உடலமைப்பு ஒன்று, வயிற்றிலும் மேலுடலிலும் பருக்கும் அமைப்பு மற்றொன்று என்றும், பின்னவர்களுக்கே நீரிழிவும் இரத்தக்குழாய் நோயும் மிகுதி என்றும் அவர் எழுதினார். அன்று அதை அதிகம் பேர் காதில் வாங்கவில்லை. வயிற்றிலேயும் இருவகைக் கொழுப்பு உண்டு. கையால் பிடித்துப் பார்க்கக்கூடிய மடிப்பு தோலுக்கு அடியில் இருப்பது. பிடிக்கு அகப்படாதது, குடலையும் ஈரலையும் சுற்றி உள்ளே பொதிந்திருப்பது. இந்த உட்கொழுப்பே தொல்லை மிக்கது. குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து வெளியாகும் கொழுப்பமிலங்களும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் நேரே ஈரலுக்குச் செல்லும் இரத்த நாளத்தில் கலக்கின்றன. அதனால் இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் தானே உள்சவ்வின் அணுக்களை வளரத் தூண்டும். அன்றியும், ஈஸ்ட்ரோஜனைக் கட்டி வைக்கும் ஒரு புரதத்தை ஈரல் உண்டாக்குவதை அது குறைத்துவிடும். கட்டவிழ்ந்த ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் கூடும். நீரிழிவு உள்ள மாதரிடத்தும், சூலகத்தில் நீர்க்கட்டிகளுடன் மாதவிடாய் ஒழுங்கு தவறிய இளம் பெண்களிடத்தும் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதற்கு இவை காரணங்களாகின்றன.

நம் நாட்டவருக்கு இவ்விஷயத்தில் தனிக் கவலை உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து, 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் தம் படத்துடன் வெளியிட்டார்கள். இருவருக்கும் எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, இந்தியர் உடம்பில் 21.2 பங்கு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியருடைய இயல்பு அது. ஆகவேதான் ஐரோப்பியருக்கு 25 என்று வைத்த எல்லையை இந்தியருக்கு 23 என்று மருத்துவர்கள் இறக்கியிருக்கிறார்கள். இடையளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறார்கள்; அதாவது முப்பத்தொன்றரை அங்குலம்.

இடையை அளப்பதற்குத் தையற்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியிட்ட நிலையில், இறுக்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பது தம்மையே ஏய்ப்பதாகும். கால்சட்டை அணிகிறவருக்கு இடை பெருத்தால் உடுப்பே சொல்லிவிடும். புடைவைக்கு அளவு கிடையாது. அது பத்து அங்குலம் கூடினாலும் முறையிடாமல் சுற்றிக்கொள்ளும். உள்பாவாடையின் நாடா முடிச்சு ஆண்டுக்காண்டு முனையை நோக்கி நகர்வதொன்றே அறிகுறி. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், எடைக் குறியீடு 25-ஐ எட்டிய பெண்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 24 பேர். கேரளத்தில் 38 பேர், தமிழ்நாட்டில் 40 பேர். இடையளவு எல்லை கடந்தவர்களோ நாடு முழுவதற்குமே நூற்றுக்கு 40 பேர் அளவில் இருந்தனர். எடையைப் பார்த்தால் தப்பியவர்கள் இடையைப் பார்த்தால் அகப்படுகிறார்கள். இந்த ஆய்வு 49 வயது வரையுள்ள மாதரைப் பற்றியதே. நாம் கூறும் நோயோ பெரும்பாலும் அதற்குப் பிறகு வருவது.

இனி, நோய் வந்தபின் நிகழ்வது. இங்கே வியப்பான ஒரு முரண் உண்டு. பருமனால் வரும் உள்சவ்வுப் புற்று பெரும்பாலும் மெல்ல வளர்வது. ஈஸ்ட்ரோஜனுக்குக் கட்டுப்படும் தன்மையுடையது. விரைவில் கண்டறிந்தால் அறுவைச் சிகிச்சையோடு தீர்ந்துவிடக்கூடியது. மெலிந்த மாதரிடமும் வயது முதிர்ந்தவரிடமும் தோன்றும் சிலவகைப் புற்றோ ஹார்மோன்களோடு அவ்வளவாகத் தொடர்பில்லாதது, வேகமானது. அதனால் நோயாளிகளை மட்டும் எடுத்து எடைக் குறியீட்டை வைத்துக் கணக்கிட்டால், பருத்தவர்கள் நன்றாகவே பிழைப்பது போல ஒரு தோற்றம் சில ஆராய்ச்சிகளில் ஏற்பட்டது. 'நான் ஒல்லி, எனக்கு வராது' என்பதும் தவறு. 'பருமன் நோயாளியைக் காக்கிறது' என்பதும் தவறு. கணக்கில் இரு வேறு நோய்கள் கலந்துவிட்டன, அவ்வளவே.

கொழுப்பு இருக்கும் இடத்தைப் பிரித்துப் பார்த்தபோது வேறு செய்தி கிடைத்தது. அறுவைக்கு முன் எடுக்கப்படும் சி.டி. படத்தில் தொப்புள் மட்டத்தில் ஒரு குறுக்குவெட்டை எடுத்துக்கொண்டால், தோலடிக் கொழுப்பு எவ்வளவு, உட்கொழுப்பு எவ்வளவு என்று பரப்பைத் தனித்தனியே அளந்துவிடலாம். நோயாளிக்குப் புதிதாக ஒரு சோதனையும் வேண்டியதில்லை. நார்வே நாட்டுப் பெர்கன் நகரத்து மருத்துவர்கள் இவ்வாறு அளந்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: மொத்தக் கொழுப்பில் உட்கொழுப்பின் பங்கு மிகுந்திருந்த பெண்கள், நோய்க்குப் பின் குறைந்த காலமே பிழைத்தார்கள். வேறு சில ஆய்வுகளில் இவ்வேற்றுமை இவ்வளவு தெளிவாக இல்லை. ஒரே மருத்துவமனையின் பழைய படங்களைத் தேடி எடுத்துச் செய்தவையாதலால் இவற்றை இறுதி வார்த்தையாகக் கொள்ள நாம் விரும்பவில்லை. எனினும், நோயைத் தோற்றுவிப்பதில் கொழுப்பின் மொத்த அளவும், வந்த நோயின் போக்கில் அது தங்கும் இடமும் பங்கு கொள்ளுகின்றன என்று கருத இடமிருக்கிறது.

அறுவைச் சிகிச்சையிலும் இந்த வேறுபாடு புலப்படும். கருப்பையையும் சூலகங்களையும் கருக்குழாய்களையும் ஒருசேர அகற்றுவதே வழக்கமான முறை. தோலடிக் கொழுப்பு தடித்திருந்தால் கீறிய புண் சீழ்பிடித்து ஆறாமல் தொல்லை தரும். உட்கொழுப்பு மிகுந்திருந்தால், குடல்கள் விலகிக் கொடாமல் மருத்துவரின் பார்வையை மறைக்கும். தலையைத் தாழ்த்திக் கிடத்தும்போது மார்பை அழுத்தி, மயக்க மருந்து தருபவரைத் திணற வைக்கும். சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை இப்போது பரவியிருப்பதால் புண்ணின் தொல்லை பெரிதும் தணிந்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்புவதும் விரைவாகிறது. அதற்குப் பின்னும் ஒரு விஷயம் உண்டு, பலர் எதிர்பாராதது. கருப்பையோடு நோய் அகன்று பிழைத்த பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால், அவர்களுடைய மரணத்துக்கு முதற்காரணமாக நிற்பது புற்றன்று, இருதய நோய். புற்றை வளர்த்த அதே உட்கொழுப்பும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடம்பை விட்டுப் போகாமல் அங்கேயே இருக்கின்றன அன்றோ? ஆகவே புற்றுநோய் மருத்துவரிடம் ஐந்தாண்டு தவறாமல் செல்லும் பெண், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது பாதி வைத்தியமே.

எடையைக் குறைத்தால் பயன் உண்டா என்று கேட்கலாம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,000-க்கு மேற்பட்ட மாதரைக் கவனித்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தம் எடையில் நூற்றுக்கு 5 பங்கோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 29 பங்கு குறைந்திருந்தது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். உணவைக் குறைத்து நடக்கத் தொடங்கினால் முதலில் கரைவனவற்றுள் உட்கொழுப்பும் ஒன்று என்பது ஓர் ஆறுதல். பிழைப்புக்காக வெளிமாநிலம் சென்ற குடும்பங்களில் பெண்களின் நடை சுருங்கிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஊரில் குளத்துக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் கால்நடையாகப் போனவர்கள், தாராவியிலோ கரோல்பாக்கிலோ மாடிக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மொழி தெரியாத தெருவில் தனியே நடக்கக் கூச்சம். அரிசியின் அளவோ ஊரில் இருந்தபடியே.

எல்லாவற்றிலும் முதன்மையானதைக் கூறிவிட வேண்டும். உள்சவ்வுப் புற்று வந்த மாதரில், மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் உதிரம் கண்டவர்கள் நூற்றுக்கு 90 பேர். இவ்வளவு வெளிப்படையாக முன்னறிவிப்புத் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. மறுபுறம், அவ்வாறு உதிரம் கண்ட எல்லோருக்கும் புற்று இருப்பதில்லை. பத்துப் பேரில் ஒருவருக்கே இருக்கிறது. எனவே அஞ்ச வேண்டியதும் இல்லை, அசட்டையாக இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு துளியானாலும், ஒருமுறையே கண்டாலும், பார்த்துவிட வேண்டும். நாற்பதைக் கடந்து மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் போக்கு மிகுந்து நாள் கணக்கில் நீடித்தால் அதுவும் பார்க்கத் தக்கதே. 'நிற்கப் போகிற காலத்தில் அப்படித்தான்' என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் ஆறுதலை நம்பி ஓராண்டைக் கழிப்பவர்கள் எத்தனையோ பேர். சோதனை எளியது. கருவியைப் பிறப்புறுப்பின் வழியே வைத்து ஸ்கேன் செய்து சவ்வின் கனத்தை அளப்பார்கள். மாதவிடாய் நின்றவருக்கு அது 4 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் புற்று இருப்பது மிக அரிது. மேற்பட்டிருந்தால் மெல்லிய குழாயினால் சவ்வில் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

தொலைவில் வாழும் நம்மவர்க்கு இடையூறு சோதனையில் இல்லை, சொல்லில் இருக்கிறது. தாய்க்கும் தமக்கைக்கும் மட்டுமே சொல்லக்கூடிய இச்செய்தியைச் சொல்ல அங்கே தாயும் இல்லை, தமக்கையும் இல்லை. மருத்துவரிடம் மொழிபெயர்ப்பவனோ பள்ளியில் அவ்வூர் மொழி படித்த மகன். அவன் முன்னிலையில் எந்தத் தாய் வாய் திறப்பாள்? 'வயிற்று வலி' என்று சொல்லி மாத்திரை வாங்கித் திரும்பிவிடுவாள். ஆகவே ஒரு வாக்கியத்தையாவது தானே சொல்லக் கற்றுக்கொள்வது நன்று. கேரளத்தில் 'மாசமுற நின்னதினு சேஷம் ரக்தம் போகுன்னு' என்றால் போதும். இந்தி வழங்கும் ஊர்களில் 'மாஹ்வாரி பந்த் ஹோனே கே பாத் கூன் ஆ ரஹா ஹை' என்றால் போதும். சொல்ல நாணமாயின் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

வெளிமாநிலத்தில் சோதனை செய்துகொண்டு, சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ வருகிறவர்கள் பலர். அவர்கள் முடிவுத்தாளை மட்டும் கொண்டுவந்தால் போதாது. எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டியையும், அதிலிருந்து சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும், சி.டி. படம் அடங்கிய தட்டையும் அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்கி வரவேண்டும். புதிய மருத்துவமனையில் அவற்றை மீண்டும் பார்த்தே புற்றின் வகையை உறுதி செய்வார்கள். அவை இல்லையேல் சோதனையை மறுபடியும் தொடங்க நேரும்; வாரங்கள் வீணாகும்.